சனியின் வளையங்கள்: மறைவது எது, அழிவது எது, பிறந்தது எப்போது?

சனிக் கோளின் வளையங்கள் 2025 மார்ச் மாதத்தில் மறைந்துவிடும் என்ற செய்தி பரவலாகப் பகிரப்பட்டது. அதே வளையங்கள் முப்பது கோடி ஆண்டுகளில் அழிந்துவிடும் என்ற செய்தி அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே உலவிக்கொண்டிருந்தது. அவை மிக அண்மைக் காலத்தில் பிறந்தவை என்று ஓர் ஆய்வு சொன்னதாகவும், சூரியக் குடும்பத்தின் அளவுக்கே பழையவையாக இருக்கலாம் என்று அடுத்த ஆய்வு சொன்னதாகவும் தலைப்புகள் மாறி மாறி வருகின்றன. இவற்றைத் தொடர்ந்து படிக்கும் ஒருவர், ஒரே விஷயத்தைப் பற்றி அறிவியலாளர்கள் தங்களுக்குள் முரண்படுகிறார்கள் என்ற எண்ணத்துக்கு வருவது இயல்பு. ஆனால் இங்கே பேசப்படுபவை தனித்தனியான மூன்று செய்திகள்.

1. 2025இல் நிகழ்ந்த மறைவு பார்வைக் கோணத்தால் வந்தது. வளையங்களுக்கு அதனால் எந்த மாற்றமும் நேரவில்லை.
2. வளையங்கள் அழிந்துவருகின்றன என்பது உண்மையான பொருள் இழப்பைக் குறிக்கிறது. அது அளந்து அறியப்பட்ட நிகழ்வு. ஆனால் அதன் வேகம் குறித்த மதிப்பீடுகளுக்கிடையே பெரிய இடைவெளி உள்ளது.
3. வளையங்களின் வயது என்பது இன்னும் தீராத கேள்வி. முரண்பாடு உண்மையாகவே நிலவுவது இங்கே மட்டும்தான்.

முதலாவதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வடிவியல் போதும். மற்ற இரண்டுக்கும் வளையம் எதனால் ஆனது, அது ஏன் ஒரே நிலவாகத் திரளாமல் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வளையம் என்பது ஒரு பொருள் அல்ல

கலிலியோ 1610இல் தொலைநோக்கி வழியாகச் சனியைப் பார்த்தபோது, நடுவில் ஒரு பெரிய உருண்டையும் இரு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு சிறிய உருண்டைகளும் தெரிந்தன. 1612இல் அந்தப் பக்கத்து உருண்டைகள் காணாமல் போயின. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவை கைப்பிடி போன்ற வடிவில் இருந்தன. இந்த மாற்றத்துக்குச் சரியான விளக்கத்தை 1659இல் வெளியிட்டவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். கோளை எங்குமே தொடாத, மெல்லிய, தட்டையான, சாய்ந்த வளையம் ஒன்று சனியைச் சூழ்ந்திருக்கிறது என்றார் அவர். 1675இல் ஜியோவன்னி காசினி அந்த வளையத்தைப் பிரிக்கும் ஒரு கரிய இடைவெளியைக் கண்டார்.

வளையம் திடமான தட்டாக இருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. கோளைச் சுற்றும் எந்தப் பொருளும் கோளுக்கு அருகில் இருந்தால் வேகமாகவும் தொலைவில் இருந்தால் மெதுவாகவும் சுற்ற வேண்டும். சனியின் மையத்திலிருந்து சுமார் 75,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு துணுக்கு விநாடிக்கு 22.5 கிலோமீட்டர் வேகத்தில் சென்று ஆறு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கிறது. 1,36,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள துணுக்கு விநாடிக்கு 17 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்தில் சென்று பதினான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஒரே திடத் தட்டு இரண்டு வேகங்களில் சுற்ற முடியாது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1850களில் இதைக் கணிதமாக நிறுவினார்: திடமான வளையமும் நீர்மமான வளையமும் நிலைத்திருக்க முடியாது, தனித்தனியே சுற்றும் எண்ணற்ற சிறு துணுக்குகளின் கூட்டம்தான் நிலைத்திருக்க முடியும் என்பது அவரது முடிவு. 1895இல் ஜேம்ஸ் கீலர் வளையத்தின் நிறமாலையை ஆராய்ந்து, உட்பகுதி வெளிப்பகுதியை விட வேகமாகச் சுற்றுவதை நேரடியாக அளந்தார். தொலைநோக்கியில் ஒரு துணுக்கைக்கூடத் தனியாகப் பார்க்க முடியாத காலத்தில், வளையத்தின் இயல்பு கணக்கின் வழியே முதலில் அறியப்பட்டு, பிறகு ஒளியின் வழியே உறுதிப்பட்டது. வானியலின் மிகச் சிறந்த சாதனைகளில் ஒன்றாக இதைக் கருதலாம்.

துணுக்குகள் பெரும்பாலும் தூய நீர்ப் பனிக்கட்டியால் ஆனவை. மணல் அளவிலிருந்து வீட்டின் அளவு வரை அவை வேறுபடுகின்றன. வளையங்கள் கண்டறியப்பட்ட வரிசையில் ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டதால் வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசையும் எழுத்து வரிசையும் ஒன்றாக இருப்பதில்லை. முதன்மையானவை மூன்று: உள்ளே மங்கலான சி வளையம், நடுவில் மிக அடர்த்தியான பி வளையம், வெளியே ஏ வளையம். பி, ஏ இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் காசினி இடைவெளி. சி வளையத்துக்கும் உள்ளே மிக மெல்லிய டி வளையமும், ஏ வளையத்துக்கு வெளியே எஃப், ஜி, ஈ வளையங்களும் உள்ளன.

ஏ வளையத்தின் வெளி விளிம்பு வரை எடுத்துக்கொண்டால் முழு அமைப்பின் விட்டம் சுமார் 2,73,000 கிலோமீட்டர். அதன் தடிமனோ பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவில்தான் இருக்கிறது. சாதாரண எழுதுதாளின் தடிமனை வைத்துக்கொண்டு இதே விகிதத்தில் ஒரு வளையம் வெட்ட வேண்டுமானால், அந்தத் தாள் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான அகலம் உடையதாக இருக்க வேண்டும். இவ்வளவு மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் துணுக்குகளின் மோதல்களே. வளையத் தளத்துக்கு மேலேயோ கீழேயோ சாய்ந்து சுற்றும் எந்தத் துணுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை அந்தத் தளத்தைக் கடந்தாக வேண்டும். அப்போது மற்றவற்றோடு மோதி, மேலும் கீழும் செல்லும் தன் வேகத்தை இழக்கிறது. காலப்போக்கில் எல்லாத் துணுக்குகளும் ஒரே தளத்தில் படிந்துவிடுகின்றன.

நிலவாகத் திரளாதது ஏன்: ரோஷ் எல்லை

இத்தனை துணுக்குகளும் தம்முடைய ஈர்ப்பால் ஒன்றுசேர்ந்து நிலவாக ஆகாமல் இருப்பதற்கான காரணத்தை எட்வார்ட் ரோஷ் 1848இல் விளக்கினார். ஒரு நிலவின், கோளை நோக்கிய பக்கம் எதிர்ப்பக்கத்தை விடச் சற்று வலுவாக இழுக்கப்படுகிறது. இந்த வேறுபாடு ஓத விசை எனப்படுகிறது. பூமியின் கடல்களில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவதும் இதே விசைதான். கோளை நெருங்க நெருங்க ஓத விசை மிக வேகமாக வளர்கிறது. ஒரு குறிப்பிட்ட தொலைவுக்குள், நிலவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் அதன் சொந்த ஈர்ப்பை ஓத விசை மிஞ்சிவிடுகிறது. அந்தத் தொலைவே ரோஷ் எல்லை.

சனியைச் சுற்றும் பனிக்கட்டிப் பொருளுக்கு இந்த எல்லை, எடுத்துக்கொள்ளும் அடர்த்தியைப் பொறுத்து, கோளின் மையத்திலிருந்து ஏறத்தாழ 1,34,000 கிலோமீட்டரில் அமைகிறது. ஏ வளையத்தின் வெளி விளிம்பு 1,36,775 கிலோமீட்டரில் உள்ளது. இந்தப் பொருத்தம் தற்செயலானதன்று: எல்லைக்கு உள்ளே துணுக்குகள் பெரிதாகத் திரள முடியாது, வெளியே திரள முடியும் என்பதால் அடர்ந்த வளையங்கள் அங்கே முடிந்து நிலவுகள் அங்கிருந்து தொடங்குகின்றன. கோளுக்கு மிக அருகில் வந்துவிட்ட ஒரு நிலவு சிதைந்தால் வளையம் பிறக்கும் என்ற கருத்துக்கும் இதுவே அடிப்படை.

ரோஷ் எல்லையை ஒரு கூரிய கோடாக எண்ணிவிடக் கூடாது. சிறிய பாறையையோ பனிக்கட்டியையோ அதன் பொருளின் உறுதியே உடையாமல் காக்கிறது. அதனால்தான் ஏ வளையத்தின் உள்ளேயே பான், டாஃப்னிஸ் என்ற சிறு நிலவுகள் சுற்ற முடிகிறது.

இடைவெளிகளை உண்டாக்கும் நிலவுகள்

வளையத்தில் தெரியும் இடைவெளிகள் இரு வழிகளில் உண்டாகின்றன. முதல் வழி நேரடியானது. ஏ வளையத்தில் சுமார் 325 கிலோமீட்டர் அகலமுள்ள ‘என்க்கே’ (Encke) என்ற இடைவெளியின் நடுவே பான் சுற்றுகிறது. அதைவிடக் குறுகிய கீலர் இடைவெளியில் எட்டுக் கிலோமீட்டர் விட்டமே உள்ள டாஃப்னிஸ் சுற்றுகிறது. இவை தம் பாதையிலுள்ள துணுக்குகளை விலக்கி வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. டாஃப்னிஸ் செல்லும்போது இரு பக்க விளிம்புகளிலும் அலைகள் எழுவதை, சனியைச் சுற்றி ஆராய்ந்த காசினி விண்கலத்தின் (வானியலாளர் காசினியின் பெயர் கொண்டது) படங்கள் தெளிவாகக் காட்டின.

இரண்டாவது வழி, தொலைவில் உள்ள நிலவின் ஒத்ததிர்வு. மைமாஸ் என்ற நிலவு சனியை 22.6 மணி நேரத்தில் ஒரு முறை சுற்றுகிறது. பி வளையத்தின் வெளி விளிம்பில் உள்ள துணுக்குகள் ஏறத்தாழ 11.3 மணி நேரத்தில், அதாவது சரிபாதி நேரத்தில் சுற்றுகின்றன. எனவே துணுக்கு இரண்டு சுற்று முடிக்கும் ஒவ்வொரு முறையும் மைமாஸ் அதை ஒரே இடத்தில் இழுக்கிறது. இழுவை மிகச் சிறியது. ஆனால் அது எப்போதும் ஒரே இடத்தில், ஒரே முறையில் நிகழ்வதால் அதன் விளைவு சேர்ந்துகொண்டே போகிறது. பி வளையம் அங்கே திடீரென முடிவதும், அதற்கு அப்பால் காசினி இடைவெளி தொடங்குவதும் இதனால்தான். காசினி இடைவெளி முழு வெற்றிடம் என்பது பழைய தொலைநோக்கிகள் தந்த தோற்றம் மட்டுமே. அங்கேயும் துணுக்குகள் உள்ளன, எண்ணிக்கைதான் குறைவு.

2025இல் நிகழ்ந்தது என்ன

சனியின் சுழல் அச்சு அதன் சுற்றுப்பாதைக்கு 26.7 பாகை சாய்ந்துள்ளது. வளையங்கள் கோளின் நிலநடுக்கோட்டுத் தளத்திலேயே அமைந்திருப்பதால் அவற்றுக்கும் அதே சாய்வு. சனி சூரியனைச் சுற்ற சுமார் 29.5 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் வளையத்தின் வடக்கு முகமும் தெற்கு முகமும் மாறி மாறி நம் பக்கம் திரும்புகின்றன. ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு மாறும் வேளையில், பூமி சரியாக வளையத் தளத்தில் அமைந்துவிடுகிறது. அப்போது வளையத்தின் விளிம்பு மட்டுமே நம்மை நோக்கி இருக்கும். பத்து மீட்டர் தடிமனுள்ள விளிம்பை நூறு கோடிக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவிலிருந்து சிறு தொலைநோக்கிகளால் காண இயலாது. கலிலியோ 1612இல் கண்ட மறைவும் இதுவே.

இந்நிகழ்வு 2025 மார்ச் 23 அன்று நடந்தது. ஆயினும் சனி அப்போது வானில் சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் அதைப் பார்ப்பது மிகக் கடினமாக இருந்தது. அந்நாளை முன்வைத்து எழுதப்பட்ட பல செய்திகள் இந்தத் தகவலைச் சொல்லாமல் விட்டது பெருங்குறை. அதன்பின் மே 6 அன்று சூரியன் வளையத் தளத்தைக் கடந்தது. அதுதான் சனியின் சம இரவு நாள். இந்த இரு தேதிகளுக்கும் இடையில் பூமி வளையத்தின் தெற்குப் பக்கத்திலும் சூரியன் வடக்குப் பக்கத்திலும் இருந்தமையால், நம்மை நோக்கி இருந்தது ஒளி படாத முகம். நவம்பர் மாத இறுதியில் வளையத்தின் சாய்வு மீண்டும் அரைப் பாகைக்கும் கீழே குறைந்தது; சனி அப்போது இரவு வானில் நன்கு தெரிந்ததால், கோட்டைப் போல் ஒடுங்கிய வளையத்தைப் பலர் பார்க்க முடிந்தது. 2032 வரை தெற்கு முகம் படிப்படியாக விரியும். அடுத்த விளிம்புத் தோற்றம் 2038–39 காலத்தில் வரும்.

சனியின் பாதை நீள்வட்டமானது என்பதால் இந்த நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலம் ஒரு முறை 13.7 ஆண்டுகளாகவும் மறு முறை 15.7 ஆண்டுகளாகவும் அமைகிறது. பூமி தன் பாதையில் வேகமாகச் செல்வதால் சில சமயம் வளையத் தளத்தை மூன்று முறை கடக்க நேர்வதும் உண்டு. 2038–39இல் அவ்வாறே நிகழும்.

பார்வையாளருக்கு வளையம் தெரியாத இந்த வேளை ஆய்வாளருக்கு மிகவும் பயனுள்ளது. 2009இல் நிகழ்ந்த சம இரவு நாளைக் காசினி விண்கலம் அருகிலிருந்து பார்த்தது. சூரிய ஒளி வளையத் தளத்தைத் தழுவிச் சென்றதால், தளத்திலிருந்து சற்றே உயர்ந்த எதுவும் நீண்ட நிழலை வீழ்த்தியது. பி வளையத்தின் வெளி விளிம்பில் 2.5 கிலோமீட்டர் உயரம் வரை எழும் மேடுகள் இருப்பது அந்த நிழல்களால் தெரியவந்தது. பத்து மீட்டர் தடிமன் என்பது பொது நிலையே அன்றி எல்லா இடத்துக்குமான அளவு அன்று என்பதை அது உணர்த்தியது.

வளைய மழை: உண்மையான இழப்பு

இரண்டாவது செய்தி வேறு வகையானது. வளையத் துணுக்குகள்மீது சூரியனின் புறஊதாக் கதிர்களும் விண்தூசிகளும் தொடர்ந்து தாக்குகின்றன. இதனால் மின்னூட்டம் பெறும் மிக நுண்ணிய பனித் துகள்கள் ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்படாமல் சனியின் காந்தப்புலக் கோடுகளையும் பின்பற்றத் தொடங்குகின்றன. அந்தக் கோடுகள் வழியே அவை கோளின் நடு அகலாங்குகளில் உள்ள மேல் வளிமண்டலத்தில் வந்து விழுகின்றன. வாயேஜர் விண்கலங்களின் படங்களில் தெரிந்த மங்கிய பட்டைகளை 1986லேயே இத்தகைய நீர் வரவோடு இணைத்து விளக்கியிருந்தார்கள்.

ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால் எடுக்கப்பட்ட அகச்சிவப்பு அளவீடுகள் இதற்கு அளவு தந்தன. மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த ஓர் அயனி சனியின் மேல் வளிமண்டலத்தில் ஒளிர்கிறது. நீர் விழும் இடங்களில் அதன் ஒளிர்வு மாறுகிறது. இதிலிருந்து ஜேம்ஸ் ஓ'டோனஹூ குழுவினர் 2018 இறுதியில் வெளியிட்ட மதிப்பீடு, விநாடிக்கு 432 முதல் 2,870 கிலோ வரை என்பது.

முப்பது கோடி ஆண்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வளையங்களின் மொத்த நிறை சுமார் 150 கோடி கோடி டன். விநாடிக்கு ஒன்றரை டன் இழப்பு என்று வைத்துக்கொண்டால் 100 கோடி கோடி விநாடிகள் ஆகும். ஆண்டுகளாக மாற்றினால் அது ஏறக்குறைய 32 கோடி. மிகக் குறைந்த மதிப்பான 432 கிலோவைக் கொண்டால் 110 கோடி ஆண்டுகள் கிடைக்கின்றன. மிக உயர்ந்த மதிப்பைக் கொண்டால் 17 கோடிக்கும் குறைவு. எனவே முப்பது கோடி என்பது ஒரு தீர்ப்பு நாள் அன்று. பரந்த ஒரு வீச்சின் நடுப்பகுதியில் உள்ள எண்.

இதனோடு இன்னொரு அளவீடும் சேர்ந்தது. காசினி விண்கலம் 2017 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, தன் இறுதிச் சுற்றுகளில், கோளுக்கும் வளையங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் பறந்தது. அப்போது உள் வளையத்திலிருந்து நிலநடுக்கோட்டுப் பகுதியில் நேரடியாக விழும் பொருளைத் தன் கருவிகளால் அளந்தது. அந்த வரவு விநாடிக்கு 4,800 முதல் 45,000 கிலோ வரை இருந்தது. இதையும் சேர்த்தால் வளையங்களின் எஞ்சிய காலம் பத்துக் கோடி ஆண்டுக்கும் கீழே போகிறது. ஆனால் மிக மெல்லிய டி வளையத்தில் அவ்வளவு பொருள் இல்லை. வெளியிலிருந்து தொடர்ந்து நிரப்பப்பட்டால்தான் இந்த வேகம் நீடிக்கும். அண்மையில் ஏதோ குலைவு நேர்ந்து, தற்காலிகமாக வரவு கூடியிருந்தபோது காசினி அங்கே இருந்திருக்கவும் கூடும். சில மாத அளவீட்டைப் பல கோடி ஆண்டுகளுக்கு நீட்டுவதில் உள்ள இடர் இதுதான். எஞ்சிய காலத்தைச் சொல்லும் எந்த எண்ணையும் இன்றைய வேகம் மாறாமல் நீடித்தால் என்ற நிபந்தனையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வயது: தூசியைக் கொண்டு அளக்கும் கடிகாரம்

வளையங்கள் தூய பனிக்கட்டியாக, வெண்மையாக இருக்கின்றன. சூரியக் குடும்பத்தில் எங்கும் தூசி பறக்கிறது. அது பனிமீது படிந்துகொண்டே இருந்தால் 450 கோடி ஆண்டுகளில் வளையங்கள் கறுத்துப்போயிருக்க வேண்டும். அவ்வாறு ஆகவில்லை என்றால் அவை இளையவையாக இருக்க வேண்டும். இந்த வாதம் எளிமையானது, கவர்ச்சியானதும்கூட. ஆனால் அது நான்கு எண்களின்மேல் நிற்கிறது.

1. வளையங்களின் மொத்த நிறை. நிறை அதிகமானால் அதே அளவு தூசியால் ஏற்படும் மாசு விகிதம் குறையும். காசினி வளையங்களுக்கு வெளியே சுற்றிய வரை, சனியின் ஈர்ப்பிலிருந்து வளையங்களின் ஈர்ப்பைப் பிரித்தறிய முடியவில்லை. இறுதிச் சுற்றுகளில் அது இரண்டுக்கும் நடுவே சென்றபோதுதான் ஒரு பக்கம் கோளும் மறு பக்கம் வளையங்களும் இழுத்தன. 2019இல் வெளியான முடிவின்படி, வளையங்களின் நிறை மைமாஸின் நிறையில் ஐந்தில் இரண்டு பங்கு. சிலர் எதிர்பார்த்ததைவிட இது குறைவு.

2. இன்று வளையங்களில் உள்ள மாசின் பங்கு. இது இடத்துக்கு இடம் மாறுகிறது. பி வளையத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே, சி வளையத்தில் அதைவிட அதிகம்.

3. தூசி வந்து சேரும் வேகம். காசினியின் தூசி அளவிக் கருவி பதின்மூன்று ஆண்டுகளில், சனியின் அமைப்புக்கு வெளியிலிருந்து வந்தவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க 163 துகள்களை மட்டுமே பதிவுசெய்தது. எண்ணிக்கை சிறியது என்றாலும், சனிக்கு அருகே தூசி வரவை நேரடியாக அளந்த முதல் முயற்சி என்ற வகையில் அதன் மதிப்பு பெரியது. இதை வைத்து சாஷா கெம்ப் குழுவினர் 2023இல், வளையங்கள் 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையவையாக இருக்க வாய்ப்பில்லை என்று கணித்தனர்.

4. விழும் தூசியில் ஒட்டிக்கொள்ளும் பங்கு. நான்கில் மிகக் குறைவாக அறியப்பட்டது இதுவே.

நான்காவது எண்தான் இன்றைய விவாதத்தின் மையம். விழும் தூசியில் பத்தில் ஒரு பங்காவது தங்கும் என்பது முந்தைய கணக்குகளின் வழக்கமான கருதுகோள். 2024 டிசம்பரில் ரியூகி ஹியோடோ குழுவினர் கணினி உருவகங்களின் துணையோடு அதைக் கேள்விக்கு உட்படுத்தினர். தூசித் துகள் வளையத் துணுக்கைத் தாக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மோதும் துகள் ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவியும் அதிலிருந்து உருவாகும் நுண்துகள்களும் மின்னூட்டம் பெற்று, சனியின் காந்தப்புலத்தால் இழுத்துச் செல்லப்பட்டு, கோளில் விழுகின்றன அல்லது விண்வெளிக்குத் தப்புகின்றன. வளையத்தில் தங்குவது ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ என்றால், வளையங்கள் எவ்வளவு பழையவையாக இருந்தாலும் தூய்மையாகவே தோன்றும். அப்போது தூசிக் கடிகாரம் நேரம் காட்டுவதில்லை.

இந்த ஆய்வு வளையங்கள் பழையவை என்று நிறுவவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இளமைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட தூய்மை முதுமைக்கு எதிரான சான்று ஆகாது என்பதே அது சொல்வது. பல தலைப்புகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டன.

பழமைக்குச் சாதகமாக வேறொரு வாதம் உண்டு. பொதுவெளியில் அதிகம் பேசப்படாவிட்டாலும் அதற்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்பதே சரி. மோதல்களால் வளையம் தொடர்ந்து உள்ளும் புறமும் பரவுகிறது. நிறை கூடிய வளையம் வேகமாகப் பரவிப் பொருளை இழக்கிறது, நிறை குறைந்தது மெதுவாகப் பரவுகிறது. எனவே மிகப் பெரிய வளையத்தோடு தொடங்கினாலும் சில நூறு கோடி ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஒரே நிறைக்கு வந்து சேரும் என்று உருவகங்கள் காட்டுகின்றன. அவ்வாறு வந்து சேரும் நிறை இன்று அளக்கப்பட்ட நிறைக்கு நெருக்கமாக உள்ளது.

பிறப்பு பற்றிய இரு விளக்கங்கள்

பழமையை ஏற்கும் விளக்கங்களில் முதன்மையானது ராபின் கேனப் 2010இல் முன்வைத்தது. சனி உருவாகிவந்த காலத்தில் அதைச் சூழ்ந்த வாயுத் தட்டில், சனியின் மிகப் பெரிய நிலவான டைட்டனின் அளவிலான ஒரு நிலவு சுழன்று உள்நோக்கி வந்தது. அது ரோஷ் எல்லையைத் தாண்டியபோது அதன் வெளிப்புறப் பனி மட்டும் உரிந்து வளையமாயிற்று. உறுதியான பாறைக் கரு சனிக்குள் விழுந்துவிட்டது. வளையங்களில் பாறை ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு இது நல்ல விடை தருகிறது.

இளமையை ஏற்கும் விளக்கம் ஜாக் விஸ்டம் குழுவினர் 2022இல் தந்தது. சனியின் அச்சுச் சாய்வு நெப்டியூனின் பாதை அசைவோடு ஒரு காலத்தில் ஒத்ததிர்வில் இருந்ததாகவும், இன்று அதிலிருந்து சற்றே விலகியிருப்பதாகவும் அவர்கள் கணித்தனர். விலகச் செய்தது எது? கிரைசாலிஸ் என்று அவர்கள் பெயரிட்ட ஒரு நிலவு சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலைகுலைந்து சனியை நெருங்கிச் சிதைந்தது. பெரும்பகுதியைச் சனி விழுங்கிக்கொண்டது. எஞ்சிய சிறு பங்கு வளையமாயிற்று. கோளின் சாய்வையும் வளையத்தின் இளமையையும் ஒரே நிகழ்வால் விளக்குவது இதன் வலிமை. அத்தகைய நிலவு இருந்ததற்கு நேரடிச் சான்று இல்லாதது இதன் பலவீனம்.

மற்ற வளையங்கள் தரும் எச்சரிக்கை

வளையம் சனிக்கு மட்டும் உரியதன்று. யுரேனஸின் வளையங்கள் 1977இல், அது ஒரு விண்மீனை மறைத்தபோது ஒளி விட்டுவிட்டு மங்கியதிலிருந்து கண்டறியப்பட்டன. வியாழனின் மெல்லிய தூசி வளையத்தை 1979இல் வாயேஜர் 1 கண்டது. நெப்டியூனின் வளையங்களை 1989இல் வாயேஜர் 2 உறுதிசெய்தது. இவை எல்லாம் கரியவை, நிறை மிகக் குறைந்தவை. சனியின் வளையங்களுக்கு ஈடான ஒன்று சூரியக் குடும்பத்தில் வேறு இல்லை.

இவற்றைவிட வியப்புக்குரியது குவாவர். நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் இந்தக் குறுங்கோளுக்கு வளையம் உள்ளதென 2023இல் அறிவிக்கப்பட்டது. அந்த வளையம் குவாவரின் ஆரத்தைப் போல் ஏழு மடங்குக்கும் அதிகமான தொலைவில், ரோஷ் எல்லைக்கு வெகு வெளியே அமைந்திருக்கிறது. மேலே சொன்ன விதிப்படி அங்குள்ள துணுக்குகள் எப்போதோ நிலவாகத் திரண்டிருக்க வேண்டும். கடுங்குளிரில் பனித் துணுக்குகள் ஒட்டாமல் துள்ளி விலகுவது காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. எப்படியாயினும், சனியை மட்டும் வைத்து வகுத்த பாடங்களை எல்லா வளையங்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது.

வயது ஏன் முக்கியமாகிறது

வளையங்களின் வயது அவற்றோடு நிற்பதில்லை. வளையமும் உள் நிலவுகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. ரோஷ் எல்லைக்கு வெளியே பரவும் வளையப் பொருளிலிருந்து சிறு நிலவுகள் பிறக்கவும் கூடும். டைட்டனின் பாதைக்கு உள்ளே சுற்றும் நடுத்தர அளவு நிலவுகளின் பாதைகளை ஆராய்ந்து, அவையும்கூடச் சுமார் பத்துக் கோடி ஆண்டு வயதே உடையவையாக இருக்கலாம் என்று 2016இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அந்த நிலவுகளில் ஒன்றுதான் என்சிலாடஸ். அதன் பனி மேலோட்டின் கீழே உப்பு நீர்க் கடல் இருக்கிறது. தென்துருவத்திலிருந்து பீறிடும் நீராவியும் பனியும்தான் ஈ வளையத்தை நிரப்புகின்றன. அந்த நீரில் ஹைட்ரஜன் இருப்பது 2017இலும், ஈ வளையத் துகள்களில் பாஸ்பேட் உப்புகள் இருப்பது 2023இலும் அறிவிக்கப்பட்டன. உயிர் தோன்றத் தேவையான வேதிப்பொருள்கள் அங்கே உள்ளன என்பது ஓரளவு தெளிவாகிவிட்ட நிலையில், அதற்குப் போதிய காலம் இருந்ததா என்ற கேள்வி எஞ்சுகிறது. நிலவுகளும் வளையங்களும் ஒரே அண்மைப் பேரழிவில் பிறந்தவை என்றால் என்சிலாடஸின் கடலுக்குச் சில பத்துக் கோடி ஆண்டுகளே கிடைத்திருக்கும். பழையவை என்றால் பூமியின் கடல்களுக்குக் கிடைத்த காலம் அதற்கும் கிடைத்திருக்கும்.

இதைத் தீர்க்கத் தேவைப்படுபவை இரண்டு. ஒன்று, விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பனியைத் தாக்கும் தூசிக்கு உண்மையில் என்ன ஆகிறது என்பதைச் சோதனைச் சாலையில் அளப்பது. இது மிகக் கடினமானது என்றாலும் நுண்துகள்களை அதிவேகத்தில் செலுத்தும் கருவிகள் வளர்ந்துவருகின்றன. மற்றொன்று, வளையத்துக்கு அருகிலேயே தங்கி, பி வளையத் துணுக்குகளின் மாசு எதனால் ஆனது, எவ்வளவு ஆழம் வரை கலந்துள்ளது என்று பார்க்கும் ஒரு விண்கலம். காசினி தன் கடைசி மாதங்களில் வளையத்தின் உள்விளிம்பை ஒட்டிப் பறந்தும் அடர்ந்த பி வளையத்தின் ஒரு துணுக்கைக்கூடத் தொடவில்லை. 2017 செப்டம்பர் 15 அன்று அது சனியின் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்ததிலிருந்து சனியைச் சுற்றும் விண்கலம் ஒன்றும் இல்லை.